அட்டை விற்க வந்த கதையில் அட்டையை விற்காத தாத்தா

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அக்கா மகனுக்குப் பத்து வயது. லீவுக்கு வந்தவன் ‘யூ-கி-ஓ!’ என்ற ஜப்பான் கார்ட்டூனைப் போட்டுவிட்டு நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். சீட்டாட்டத்தைப் பார்த்துப் பிள்ளை கெட்டுப்போகிறான் என்று அக்கா புலம்புகிறார். எல்லாத் தொடரையும் சேர்த்தால் ஆயிரம் எபிசோடுக்கு மேல் இருக்கிறதாம். இது கதையா, அட்டை விற்கிற விளம்பரமா? பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது, எதை விடுவது, அண்ணே?”

தம்பி, விளம்பரம்தான். அதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. கொனாமி நிறுவனம் 1999-ல் ஜப்பானில் அட்டைகளை இறக்கியது. உங்கள் மருமகன் பார்க்கும் தொடர் 2000 ஏப்ரலில் தொடங்கியது. 2011-ல் கின்னஸ்காரர்கள் கணக்குப் பார்த்தபோது 2,500 கோடிக்கு மேல் அட்டைகள் விற்றிருந்தன. டிவி தொடர் இல்லாமல் அந்தக் கணக்கு வந்திருக்காது. ஆனாலும் நான் இதை இரண்டு முறை முழுசாகப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அக்காவின் பயம். நம் பக்கம் சீட்டு என்றால் இரண்டு, ஒன்று கட்டுவது, மற்றது ஆடுவது. இரண்டிலும் பணம் போன கதை வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பெரியவர்கள் முகம் மாறினால் அதில் தப்பில்லை. ஆனால் இது ரம்மி மாதிரி காசு வைத்து ஆடுவது இல்லை. ஆடுகிறவன் 40 முதல் 60 அட்டை வரை தானே பொறுக்கி ஒரு கட்டு சேர்க்கிறான். அதை டெக் என்பார்கள். அரக்கன் அட்டையில் தாக்கும் பலம் இவ்வளவு, தாங்கும் பலம் இவ்வளவு என்று எண் போட்டிருக்கும். அது போக மந்திர அட்டை, பொறி அட்டை. ஆளுக்கு 8000 புள்ளி உயிர், எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்கினால் ஜெயம். சதுரங்கத்தில் கொஞ்சம் தாயக்கட்டையை உருட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. சூது இருப்பது ஆட்டத்தில் இல்லை, கடையில். பிரிக்காத பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குகிறோம், உள்ளே தங்கம் இருக்குமா தவிடு இருக்குமா என்று தெரியாது. அக்கா கண் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, கதைக்கு வருவோம். முதல் எபிசோடை நீங்களே மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

யூகி என்று ஒரு பள்ளிக்கூடப் பையன். அவன் தாத்தா விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். தாத்தாவின் பெயர் சுகோரோகு, அது நம் தாயம் போலக் காய் நகர்த்தி ஆடும் ஒரு பழைய ஜப்பானிய விளையாட்டின் பெயர். யூகி என்ற சொல்லுக்கே விளையாட்டு என்றுதான் அர்த்தம். தாத்தாவிடம் ‘புளூ-ஐஸ் வைட் டிராகன்’ என்று ஓர் அட்டை இருக்கிறது. தாக்கும் பலம் 3000. கதைப்படி உலகத்தில் அந்த அட்டை நாலே நாலு. கைபா என்பவன் பெரிய கம்பெனி முதலாளி, வயதில் அவனும் பள்ளிக்கூடப் பையன்தான். ஒரு பெட்டி நிறைய அட்டைகளைக் கொண்டுவந்து திறந்து காட்டி, இத்தனையும் எடுத்துக்கொள், அந்த ஒன்றைக் கொடு என்கிறான். தாத்தா மாட்டேன் என்கிறார். நெருங்கிய சிநேகிதர் கொடுத்தது, அதை விற்பதற்கில்லை. பிறகு கைபா அவரைக் கூப்பிட்டு ஆடித் தோற்கடித்து, அட்டையைப் பிடுங்கி, அவர் கண் முன்னாலேயே கிழிக்கிறான். தன்னிடம் மூன்று இருக்கிறது, நாலாவது என்றைக்காவது தனக்கு எதிராக வந்துவிட்டால்?

எங்கள் ஆயா வீட்டிலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒன்று நடந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவர் ஒருநாள் வந்தார். முகப்பில் உட்கார்ந்து மோர் குடித்தார், தூணைத் தட்டிப் பார்த்தார், நிலைக்கதவைத் தடவிப் பார்த்தார். கடைசியில் அவர் கண் நின்றது இரண்டாங்கட்டில் ஆணியில் தொங்கிய ஒரு மங்குத் தூக்கில், அதாவது எனாமல் பூசிய தூக்குவாளியில். பச்சை விளிம்பு, மூடியில் ஒரு பூ, அடியில் ஜப்பான் முத்திரை. ஒரு விலை சொன்னார். அப்புறம் அதை இரட்டிப்பாக்கினார். அதற்கும் ஆயா பேசாமல் இருக்கவே, புது மிக்சி ஒன்று சேர்த்துத் தருகிறேன் என்றார். ஆயா தூக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “எங்க அப்பச்சி ரங்கூன்லேருந்து கொண்டாந்ததுப்பா. நீ மோரைக் குடி” என்றார். அந்த மூடி சரியாக மூடக்கூட மூடாது.

அந்தத் தாத்தாவும் எங்கள் ஆயாவும் ஒரே கட்சி என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அன்றிலிருந்து இந்தத் தொடருக்கு என்னிடம் ஒரே தராசுதான். அட்டையை ஆயாவின் தூக்கு மாதிரி, யாரோ கொடுத்தது, இன்னாருடையது என்று காட்டும் இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. கடை அலமாரிச் சரக்காகக் காட்டும் இடமெல்லாம் சலிக்கிறது. கோடிக்கணக்கில் அச்சடித்து விற்கப்போகிற ஒன்றை, இது உலகத்தில் நாலுதான், இதை விற்கக் கூடாது என்று சொல்லித் தொடங்குகிறார்களே, அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். வியாபாரத்தில் நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை, ஆனால் இப்படி ஒரு யோசனை நமக்குத் தோன்றியிருக்குமா தெரியவில்லை.

மூலக்கதை கஸூகி தகஹாஷி வரைந்த படக்கதை. ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 1996 முதல் 2004 வரை வந்தது. ஆரம்பத்தில் அது அட்டைக் கதையே இல்லை. வாரத்துக்கு ஒரு விளையாட்டு, அதில் ஒரு போக்கிரிக்குத் தண்டனை, அவ்வளவுதான். 1993-ல் அமெரிக்காவில் வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற அட்டை ஆட்டத்தைப் பார்த்து அதே சாயலில் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்தார். வாசகர்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்கவும் மற்ற விளையாட்டுகள் ஒதுங்கின, அட்டை நிலைத்தது. அந்த ஆரம்பக் கதைகளை வைத்து 1998-ல் தோஏ நிறுவனம் 27 எபிசோடு எடுத்தது. அது வேறு தொடர், உங்கள் மருமகனுக்கு வேண்டாம், கொஞ்சம் கொடூரம்.

விதியை ஒழுங்காக எழுதி முடிக்கும் முன்பே கதை ஓடத் தொடங்கிவிட்டது. அதனால் முதல் 40 எபிசோடில் வரும் ‘டூயலிஸ்ட் கிங்டம்’ போட்டியில் நடக்கும் கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. நிஜத்தில் 8000 இருக்கும் உயிர்ப்புள்ளி இங்கே 2000. ஓர் ஆட்டத்தில் எதிராளி கடலை வைத்து மிரட்டுகிறான். யூகி தன் கல் வீரனை விட்டு வானத்து நிலாவை உடைக்கச் சொல்கிறான். நிலா போனால் ஓதம் வற்றும், மீன்கள் தரையில் துடிக்கும்! இன்னொன்றில், மிதக்கும் கோட்டையின் மிதவை வளையத்தை உடைத்துக் கோட்டையையே அரக்கர்கள் தலையில் விழச் செய்கிறான். நிஜ அட்டையில் இப்படி ஒரு வரியும் கிடையாது. ஆடத் தெரிந்தவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடிக்கும். வீட்டு வளவு முற்றத்தில் கிரிக்கெட் ஆடியவனுக்கு இது புரியும். தூணில் பட்டால் அவுட், பட்டாலைக்குள் போனால் நாலு, அப்பத்தா காயப்போட்ட வற்றலில் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. இடத்தைப் பார்த்து விதி பிறக்கும். அந்தக் குணம் இந்த முதல் பகுதியில் இருக்கிறது.

எக்ஸோடியா சங்கதியையும் கவனியுங்கள். ஐந்து துண்டு அட்டை, ஐந்தும் கையில் சேர்ந்தால் அந்த நிமிஷமே ஜெயம். முதல் எபிசோடில் கைபாவின் மூன்று டிராகன்களையும் யூகி வீழ்த்துவது அதை வைத்துத்தான். ஆனால் அப்படி ஒரு சாவி நாயகன் கையில் இருந்தால் மேற்கொண்டு கதை எப்படி நடக்கும்? மூன்றாவது எபிசோடில், போட்டி நடக்கும் தீவுக்குப் போகிற கப்பலில், ஒரு பயல் ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று ஐந்தையும் வாங்கிக் கடலில் வீசிவிடுகிறான். கதாசிரியர் தான் போட்ட முடிச்சைக் கடலில் போட்டு அவிழ்த்துக்கொண்டார். நல்ல காலம், அதை அவர் சும்மா விடவில்லை. யூகியின் சிநேகிதன் ஜோனோஉச்சி, ஆங்கிலத்தில் ஜோயி, ராத்திரிக் கடலில் குதிக்கிறான். இரண்டு அட்டைதான் கிடைக்கிறது. இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அந்தக் குதிப்புக்கு அப்புறம் இவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஜப்பானிய மொழியில் யூகியின் ‘யூ’வையும் ஜோனோஉச்சியின் ‘ஜோ’வையும் சேர்த்தால் ‘யூஜோ’, அதாவது நட்பு.

இந்தப் பகுதியில் நான் எதையும் தாண்டாமல் பார்க்கச் சொல்வது, கைபாவும் யூகியும் கோட்டைச் சுவரில் ஆடும் ஆட்டம். கைபாவின் தம்பி, போட்டியை நடத்தும் எதிரியிடம் மாட்டியிருக்கிறான். தோற்றுப்போகும் நிலை வந்ததும் கைபா சுவரின் விளிம்பில் ஏறி நிற்கிறான். என்னைத் தாக்கினால் அதிர்ச்சியில் கீழே விழுவேன், செய்வதைச் செய் என்கிறான். யூகிக்குள் மூவாயிரம் வருஷத்துப் பழைய எகிப்திய அரசன் ஒருவனின் ஆவி குடியிருக்கிறது. அந்த ஆவி தாக்கு என்கிறது, பையன் கையை இழுக்கிறான். ஒரே உடம்பில் இருவர் முதன்முதலாக முட்டிக்கொள்ளும் இடம் அது. தாக்காமல் விட்டதால் யூகி தோற்கிறான், அப்புறம் மண்டியிட்டு அழுகிறான். பொம்மை விளம்பரத்தில் நாயகன் இப்படித் தோற்க மாட்டான்.

அடுத்தது ‘பேட்டில் சிட்டி’. ஊர் முழுக்கப் போட்டிக் களம். விதிகள் இறுகுகின்றன, உயிர்ப்புள்ளி 4000, பெரிய அரக்கனை இறக்கச் சின்னதைப் பலி கொடுக்க வேண்டும். கடையில் அட்டை விற்கத் தொடங்கிய பிறகு கதையும் கடையின் விதிக்குப் பணிகிறது என்பது இங்கே பச்சையாகத் தெரியும். ஆனால் இறுக்கத்திலும் ஒரு லாபம் உண்டு. கடைசிச் சுற்றில் ஜோனோஉச்சி மாரிக் என்பவனோடு மோதுகிறான். மாரிக்கிடம் இருப்பது தேவ அட்டை, கதையிலேயே பெரிய பலமுள்ள மூன்று அட்டைகளில் ஒன்று. அதன் நெருப்பு ஜோனோஉச்சிமேல் விழுகிறது, எல்லோரும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இவன் எழுந்து நிற்கிறான், ஒரு சாதாரண இரும்பு வீரனை இறக்குகிறான். எதிரே தடுக்க யாருமில்லை. ‘தாக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜெயம். அந்த வார்த்தை வாயிலிருந்து வரும் முன் மயங்கிச் சரிகிறான். விதி நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் அந்த ஒரு வார்த்தை தொண்டையில் நிற்கிறது. நிலாவை உடைக்கும் ஆட்டத்தில் இந்தப் பதைப்பு வராது.

ஆனால் இந்த நல்ல போட்டியை நடுவில் வெட்டி, 98-லிருந்து 121 வரை படக்கதையில் இல்லாத ஒரு கிளைக்கதையைச் செருகியிருக்கிறார்கள். கணினி உலகம், நோவா என்ற பையன். பந்தியில் சோறு போட்டுவிட்டுக் குழம்பு வருவதற்குள் கச்சேரி வைத்தது மாதிரி. தாண்டிவிடலாம். 145 முதல் 184 வரையும் சொந்தக் கற்பனைதான், ஆனால் அதைத் தாண்ட வேண்டாம். அதில் அரசன் ஜெயிக்கிற வெறியில் தொடக்கூடாத அட்டையைத் தொட்டு, தன் தப்புக்கு யூகியின் ஆத்மாவைப் பறிகொடுக்கிறான். 185 முதல் 198 வரை ஒரு சின்னப் போட்டி, பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.

சலிப்பு எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘பாட் ஆஃப் கிரீட்’ என்று ஓர் அட்டை. அதன் வேலை, கட்டிலிருந்து இரண்டு அட்டை எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும், எதிரே நிற்பவனும் பார்க்கும் நாமும் ஆயிரம் தடவை கேட்டிருந்தாலும், ‘இதை வைத்தால் நான் இரண்டு அட்டை எடுக்கலாம்’ என்று விளக்குவார்கள். இது அட்டைக் கடையின் குரல், கதையின் குரல் இல்லை. நிஜப் போட்டியில் அந்த அட்டைக்கே பல வருஷமாகத் தடை என்பது தனி வேடிக்கை.

எந்தக் குரலில் பார்ப்பது? நாம் சின்ன வயதில் பார்த்த ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவில் ஃபோர்கிட்ஸ் என்ற நிறுவனம் தயாரித்தது. துப்பாக்கியை அழித்துவிட்டதால், தடியர்கள் வெறும் விரலை நீட்டி மிரட்டுவார்கள். சாவு என்ற பேச்சே கிடையாது, எல்லோரும் ‘ஷேடோ ரெல்ம்’ என்ற இருட்டுக்குப் போவார்கள். ஓர் ஆட்டத்தில் தோற்பவன் காலை அறுக்க வரும் ரம்பச் சக்கரம், ஆங்கிலத்தில் இருட்டுக்கு அனுப்பும் மாயச் சக்கரமாகிவிட்டது. பத்து வயசுக்கு அது போதும். நீங்கள் பார்ப்பதாக இருந்தால் ஜப்பானியக் குரலில் பாருங்கள், கைபா இன்னும் தனியானவனாகத் தெரிவான்.

முடிவைச் சொல்லாமல் மதிப்பீடு செய்ய முடியாது. தெரிய வேண்டாம் என்றால் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டுங்கள்.

மொத்தம் 224 எபிசோடு, ஏறக்குறைய 80 மணி நேரம். கடைசியில் யூகிக்குள் இருந்த அரசன் அடெம் விடைபெற வேண்டும். அவன் நிம்மதியாகப் போக வேண்டுமானால் யூகியிடம் ஆட்டத்தில் தோற்க வேண்டும். இத்தனை நாள் ஒரு கை ஆடிய இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். யூகி ஆட்டத்தின் நடுவே ஒரு தங்கப் பெட்டி அட்டையை வைத்து, அதற்குள் வேறோர் அட்டையைப் பூட்டுகிறான். எந்த அட்டை என்று நமக்குக் காட்டுவதில்லை. அடெமின் மூன்று தேவ அட்டைகளும் விழுகின்றன. அடெம் ‘மான்ஸ்டர் ரீபார்ன்’ வைக்கிறான். கல்லறைக்குப் போன அரக்கனை எழுப்பும் அட்டை, தொடர் முழுக்க அவனைக் காப்பாற்றியதும் அதுதான். பெட்டி திறக்கிறது. உள்ளே அதே மான்ஸ்டர் ரீபார்ன். பெட்டியில் உள்ளதை எதிராளி வைக்க முடியாது, செல்லாது.

போனவர்கள் திரும்பி வரக்கூடாது என்பதைப் பையன் வாயால் சொல்வதற்கு முன் அட்டையால் சொல்லிவிடுகிறான். அதற்காகத் தன் கட்டிலேயே மிகப் பயனுள்ள அட்டையைத் தானே ஆடாமல் பூட்டி வைத்திருக்கிறான். முதல் எபிசோடில் தாத்தா ஓர் அட்டையைக் கொடுக்க மறுத்தார், கடைசியில் பேரன் ஓர் அட்டையை விட்டுக்கொடுக்கிறான். ஜெயித்தவன் தரையில் விழுந்து அழ, தோற்றவன் வந்து தூக்கிவிடுகிறான். நான் இதை முதல் தடவை பார்த்தபோது பட்டாலையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கண்ணைத் துடைத்ததை ஆயா பார்த்துவிட்டு, “சீட்டுல தோத்தியாக்கும்” என்றார்.

பின்னால் வந்த தொடர்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஜிஎக்ஸ்’ 180 எபிசோடு, அட்டை ஆட்டம் கற்றுத்தரும் விடுதிப் பள்ளி. முதல் பாதி வேடிக்கை, மூன்றாவது வருஷத்தில் நாயகனே இருண்டுபோகிறான். மெதுவாக ஏறும், பொறுமை வேண்டும். ‘ஜெக்ஸால்’ குழந்தைகளுக்கு, எனக்குப் பாதியில் தூக்கம் வந்தது. ‘ஆர்க்-ஃபைவ்’ அருமையாகத் தொடங்கி நாலு உலகத்தையும் இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசியில் கட்ட முடியாமல் திணறுகிறது. ‘விரெயின்ஸ்’ தொடரில் கடத்தப்பட்டு ஆட வைக்கப்பட்ட ஆறு குழந்தைகளின் கதை கனமானது, ஆனால் நடுநடுவே பழைய காட்சிகளையே தொகுத்துப் போட்டு நாளைக் கடத்துகிறார்கள். ‘ஜிஎக்ஸ்’க்குப் பின்னால் வந்தவை கடையில் ஒரு புதுவகை அட்டையோடுதான் வந்தன. சின்க்ரோ, எக்ஸீஸ், பெண்டுலம், லிங்க் என்று வண்ணமும் விதியும் மாறிக்கொண்டே போகும். அந்தப் புது விதியை விளக்கவே பாதி நேரம் போய்விடும்.

‘ஃபைவ் டீஸ்’ மட்டும் தனி. 2008-ல் வந்தது, 154 எபிசோடு. மோட்டார் சைக்கிளில் ஓட்டிக்கொண்டே அட்டை ஆடுகிறார்கள். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். நம் ஊர் வளைவில் யாராவது இப்படி ஆடினால் கண்மாய்க்குள்தான் கிடப்பான். ஆனால் பின்னணி சிரிப்பில்லை. பளபளப்பான நகரம் ஒன்று, கடலுக்கு அப்பால் அந்த நகரத்துக் குப்பையைப் பிரித்துப் பிழைக்கும் தீவு ஒன்று. நாயகன் யூசெய் அந்தக் குப்பையில் பொறுக்கிய சாமானை வைத்தே வண்டி செய்கிறான். நகரம் வேண்டாமென்று எறிந்த அட்டைகளே அவன் கட்டு. எனவே ஒரு மொக்கை அட்டை ஜெயிக்கும்போது அதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் 64 எபிசோடைப் பாருங்கள், அங்கே ஒரு முடிவு மாதிரி வந்துவிடும்.

பத்து வயதுப் பையனுக்கு என்று கேட்டால், 2020-ல் வந்த ‘செவன்ஸ்’ நல்லது. 92 எபிசோடு, நாயகர்களும் அந்த வயசுதான். பெரியவர்கள் எழுதிய விதி இறுக்கமாக இருக்கிறது, நாமே ஒன்று செய்வோம் என்று ஒரு பையன் புது ஆட்டம் உண்டாக்குகிறான். ஒவ்வொரு முறையும் கையில் ஐந்து அட்டை வரும் வரை எடுக்கலாம், எத்தனை அரக்கனை வேண்டுமானாலும் இறக்கலாம். ஆட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்து, பையன் சாப்பிட வந்துவிடுவான்.

தகஹாஷி 2022 ஜூலையில், 60 வயதில், ஒகினாவா கடலில் இறந்தார். நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற அவரும் இறங்கினார் என்று பின்னால் செய்தி வந்தது. ஜோனோஉச்சி ராத்திரிக் கடலில் குதித்ததை அதற்கு அப்புறம் என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. மருமகன் இன்றோ நாளையோ அட்டை வேண்டும் என்று கேட்பான். உடனே வாங்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை கட்டுக் கட்டாகக் கிடக்கும், நல்ல கெட்டி அட்டை. நாங்கள் அதை வெட்டித்தான் வரைந்தோம். என் புளூ-ஐஸ் யாரோ ஒரு பெரியப்பாவின் சாந்திக் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. தொல்லை என்னவென்றால் பின்பக்கத்தில் மஞ்சள் நிறமும் பிள்ளையாரும் அப்படியே தெரியும். நான் அதைக் கையில் எடுத்ததுமே எதிரே இருந்தவன் சிரித்துவிடுவான். அதனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே நிறத் தாளாக ஒட்டச் சொல்லுங்கள். பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அட்டை சுருண்டுபோகும்.